விதைத் திருவிழாவுக்குப் போவதா, வேண்டாமா?

இரண்டு ஆண்டுகளுக்கு முன் அந்த மரபு விதைத் திருவிழாவில் கடை போட்டேன். சென்ற ஆண்டு போகவில்லை. ஏன் வரவில்லை என்று எழுதியும் கொடுத்தேன். இந்த ஆண்டும் அழைப்பு வந்திருக்கிறது. அதே அழைப்பு வந்த மூன்று பேர், "அக்கா, நீங்கள் என்ன செய்யப் போகிறீர்கள்?" என்று கேட்டார்கள். அவர்களுக்குத் தொலைபேசியில் சொன்னதை விரித்து எழுதுகிறேன். என் சாய்வை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: போகாமல் இருக்க வேண்டும், அதன் காரணத்தை விழாவுக்கு முன்பே எழுத்தில் கொடுக்க வேண்டும்.

விழாவை நடத்துவது ஒரு தோல் நிறுவனத்தின் அறக்கட்டளை. எங்கள் நிலம் பள்ளிகொண்டாவுக்கு அருகே பாலாற்றங்கரையில் இருக்கிறது. ஆற்றின் மேல்பக்கம் தோல் பதனிடும் ஊர்களான வாணியம்பாடியும் ஆம்பூரும். பச்சைத் தோல் அழுகாமல் இருக்க உப்பிட்டுத்தான் வரும். அதை ஊறவைத்துக் கழுவும் முதல் தண்ணீரிலேயே அந்த உப்பு கரைந்து இறங்கிவிடும். சுத்திகரித்தால் நாற்றமும் அழுக்கும் குறையும். கரைந்த உப்பு அப்படிச் சுலபத்தில் பிரியாது. எங்கள் கிணற்றுத் தண்ணீரில் கத்திரி நாற்று விட்டால் இலை ஓரம் கருகுகிறது. கோடையில் வரப்பில் உப்பு பூக்கிறது.

இது புதிய வழக்கும் அல்ல. 1996 ஆகஸ்ட் 28 அன்று உச்ச நீதிமன்றம், கேடு வருமுன் தடுக்க வேண்டும் என்பதும், மாசுபடுத்தியவரே இழப்பை ஈடுசெய்ய வேண்டும் என்பதும் இந்த நாட்டுச் சட்டத்தின் பகுதி என்று சொன்னது எங்கள் வேலூர் தோல் தொழிற்சாலைகள் பற்றிய வழக்கில்தான். 2015 ஜனவரி 31 அன்று ராணிப்பேட்டையில் கழிவுத் தொட்டியின் சுவர் உடைந்து, தூங்கிக்கொண்டிருந்த 10 தொழிலாளர்கள் இறந்தார்கள். 2025 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் மறுபடியும் பாலாற்றைப் பற்றித் தீர்ப்பு எழுத வேண்டியிருந்தது. நடுவே நாங்கள் கிணறுகளை ஆழப்படுத்திக்கொண்டே இருந்தோம்.

விழாவை நடத்தும் அந்த நிறுவனத்தின் தண்ணீர்தான் என் கிணற்றுக்கு வந்தது என்று என்னால் நிரூபிக்க முடியாது. அதனால் அப்படிக் குற்றம் சாட்டவும் மாட்டேன். என் வருத்தம் வேறு. முதல் ஆண்டு விழாவில், ஆலையிலிருந்து வெளியேறும் தண்ணீரின் பரிசோதனை அறிக்கைகளைக் கரையோர ஊர்களுக்குத் தருவதாக மேடையிலேயே சொன்னார்கள். இரண்டு முறை கடிதம் எழுதிக் கேட்டேன். பதில் வரவில்லை. விழா அழைப்பு மட்டும் தவறாமல் வருகிறது.

போனால் என்ன கிடைக்கும் என்பதைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். கடைக்கு வாடகை இல்லை, சாப்பாடு உண்டு. இரண்டு நாளில் முள்ளுக்கத்திரி விதையும் கிச்சிலிச் சம்பா அரிசியும் ஆறாயிரம் ரூபாய்க்கு விற்றேன். அதைவிடப் பெரிய லாபம் மனிதர்கள். திருவண்ணாமலைப் பக்கத்து விவசாயி ஒருவரிடம் கைமாற்றாக வாங்கிய கேழ்வரகு இன்றும் என் வயலில் இருக்கிறது. இந்த இழப்பு உண்மையானது. புறக்கணித்தால் இழப்பே இல்லை என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள்.

"போங்கள், போய் மேடையில் பேசுங்கள்" என்பது பலரும் சொல்லும் யோசனை. முதல் ஆண்டு நானும் அப்படித்தான் நினைத்தேன். என்னோடு வந்த தோழி பேசவும் செய்தார். நான்கு நிமிடம் கொடுத்தார்கள். கிணற்றைப் பற்றி, தென்னை காய் சிறுத்துப்போனதைப் பற்றி நன்றாகவே பேசினார். கூட்டம் கை தட்டியது. தொகுப்பாளர் நன்றி சொன்னார், பொன்னாடை போர்த்தினார்கள், படம் எடுத்தார்கள். ஆறு மாதம் கழித்து அறக்கட்டளையின் வண்ண மலரில் அந்தப் படம் வந்தது. கீழே "பாலாற்றங்கரை விவசாயிகளுடன் கைகோத்து" என்று ஒரு வரி. பக்கத்திலேயே விதைத் தட்டோடு நானும் சிரித்துக்கொண்டிருந்தேன். அவர் பேசியதில் ஒரு சொல்கூட அதில் இல்லை.

என் முடிவை மாற்றியது அந்த மலர்தான். பேச்சு அன்று மாலையே காற்றோடு போனது. படம் நின்றது. வெளிநாட்டில் தோல் வாங்குகிற நிறுவனங்கள் இன்று ஆற்றைப் பற்றியும் கழிவைப் பற்றியும் கேள்வி கேட்கின்றன. அப்படிக் கேட்பவர்கள் முன்னால், கரையோர விவசாயியின் சிரித்த முகத்துக்கு ஒரு மதிப்பு இருக்கிறது. கடை வாடகையையும் இரண்டு வேளைச் சாப்பாட்டையும் கொடுத்து அவர்கள் வாங்கியது அதைத்தான் என்று எனக்குத் தோன்றியது. நான் விதை விற்கப் போனேன். சான்றிதழ் கொடுத்துவிட்டு வந்தேன்.

அதனால்தான் இப்படிப்பட்ட அழைப்பு எது வந்தாலும் ஒன்றை மட்டும் பார்க்கிறேன்: நடத்துபவர் மீதுள்ள புகாருக்கும் விழாவின் பொருளுக்கும் இடையே எவ்வளவு தூரம் இருக்கிறது? அதே அறக்கட்டளை கண் சிகிச்சை முகாம் நடத்துகிறது. என் மாமியாரை நானே அழைத்துப் போனேன், நாளையும் போவேன். கண்ணுக்கு மருந்து போட்டுக்கொள்வதால் ஆற்றைப் பற்றி அவர் எதையும் ஒப்புக்கொள்வதாக ஆகாது. பள்ளிப் பிள்ளைகளுக்கு ஓட்டப் பந்தயம் வைத்தால் என் மகள் ஓடுவாள். ஆனால் மண்ணையும் விதையையும் தண்ணீரையும் கொண்டாடும் விழாவில், அந்த மண்ணில் பயிர் வைக்கிறவள் போய் நின்றால், நிற்பதே ஒரு சாட்சி. நடத்துபவர் எவ்வளவு கெட்டவர் என்று எடை போட்டுக்கொண்டிருந்தால் முடிவே வராது. நல்லவர் பட்டியல் எடுத்தால் எங்கள் பக்கத்தில் ஒரு திருவிழாவுக்கும் போக முடியாது. என் இருப்பு அங்கே எதற்குச் சான்றாக ஆகிறது என்று கேட்டால் பெரும்பாலும் பதில் கிடைத்துவிடுகிறது.

சொல்லாமல் போகாதிருப்பது இன்னொரு வழி. உடம்பு சரியில்லை, வீட்டில் விசேஷம் என்று ஏதாவது சொல்லிவிடலாம். மனக்கசப்பு இல்லை, யாரும் முகம் திருப்ப மாட்டார்கள். ஆனால் என் இடத்தில் இன்னொருவர் நிற்பார், அவ்வளவுதான் நடக்கும். அழைப்பிதழில் பெயரும் போட்டுவிடுவார்கள். எனக்கே அப்படி நடந்தது. "அம்மா, உங்கள் பெயரை அச்சுக்குக் கொடுத்துவிட்டோமே" என்று ஒருங்கிணைப்பாளர் தொலைபேசியில் சொன்னார். நல்ல இளைஞர், அவர் மீது எனக்குக் கோபம் இல்லை. அன்று இரவே அரைப் பக்கக் கடிதம் எழுதி அனுப்பினேன்: பரிசோதனை அறிக்கையைக் கொடுங்கள், அடுத்த முறை நானே பத்துப் பேரைக் கூட்டிக்கொண்டு வருகிறேன், அதுவரை என் பெயரையும் படத்தையும் பயன்படுத்த வேண்டாம். பெயரை எடுத்துவிட்டார்கள். அறிக்கை இன்னும் வரவில்லை.

கடிதத்தில் திரும்பி வரும் வழியையும் எழுதியது நல்லதாயிற்று என்று இப்போதும் நினைக்கிறேன். என்ன செய்தால் வருவேன் என்பது அவர்களுக்குத் தெரியும். அது அவர்களால் முடியாத காரியமும் அல்ல.

எங்கள் ஊர்ப் பெரியவர் ஒருவர் புறக்கணிப்பு என்ற சொல்லைக் கேட்டதும் முகம் சுருங்கினார். "ஊர் விலக்கு வைப்பது போலவா, அம்மா?" என்றார். அவர் சிறுவனாக இருந்தபோது அவர்கள் தெருவையே விலக்கி வைத்தார்களாம்; கடையில் உப்பு புளி கொடுக்கவில்லை, கூலிக்கும் கூப்பிடவில்லை. அவர் கேட்ட கேள்வி பல நாள் என்னை விடவில்லை. வலுத்தவர் இளைத்தவரின் அடுப்பை அணைப்பது அது. நான் வராததால் இங்கே யாருடைய அடுப்பும் அணையவில்லை. ஒரு படம்தான் குறைந்தது. இந்த வேறுபாடு இல்லாத இடத்தில் புறக்கணிப்பைக் கையில் எடுக்க மாட்டேன்.

அடுப்பு என்றதும் சொல்ல வேண்டியது ஒன்று உண்டு. எங்கள் தெருவில் ஒன்பது பெண்கள் விடியற்காலையில் கம்பெனி பஸ் ஏறி ஆம்பூருக்கு ஷூ தைக்கப் போகிறார்கள். அவர்களை இந்த விழாவுக்குப் போகாதே என்று நான் சொல்லவில்லை, சொல்லவும் கூடாது. சம்பளம் வாங்கும் இடத்தில் மறுப்பதும், சொந்த நிலத்தில் நின்று மறுப்பதும் ஒன்றல்ல. விதை விற்ற பணத்தில்தான் அந்த மாதம் ஓடும் என்கிற நிலையில் இருப்பவருக்கும் என் யோசனை பொருந்தாது. எனக்கு எருமை இரண்டு இருக்கின்றன, பால் பணம் வருகிறது. அதனால் மறுக்க முடிந்தது.

பலர் சேர்ந்து மறுத்தால் என்ன ஆகும் என்பதில் எனக்கு அனுபவம் இல்லை. சென்ற ஆண்டு மறுத்தது நான் ஒருத்திதான். தோழி இன்னும் போகிறார். உள்ளே ஒரு குரல் வேண்டும் என்பது அவர் எண்ணம். நாங்கள் அதைப் பற்றிச் சண்டை போட்டதில்லை. அறிக்கை கேட்டு அவரும் இந்த முறை மேடையில் பேசப்போவதாகச் சொல்லியிருக்கிறார். படம் எடுக்கும்போது விலகி நின்றுவிடு என்று மட்டும் கேட்டுக்கொண்டேன்.

சென்ற ஆண்டு விழா முடிந்த செவ்வாய்க்கிழமை பொய்கைச் சந்தைக்கு விதைப் பொட்டலங்களை எடுத்துப் போனேன். மாடு வாங்க வருகிற கூட்டத்தில் விதை கேட்பவர் குறைவு. ஆயிரத்து எண்ணூறு ரூபாய்தான் விற்றது. அங்கே வாங்கியவர்களில் இரண்டு பேர் தண்ணீர் எப்படி, உப்பு தாங்குமா என்று கேட்டார்கள். எந்தப் பாத்தியில் எத்தனை நாற்று கருகியது என்று எழுதி வைத்திருந்த நோட்டைக் காட்டினேன். இந்த ஆண்டு விழா நாளிலும் அந்த நோட்டை எடுத்துக்கொண்டு பள்ளிகொண்டா பஸ் நிலையத்துக்கு எதிரே உட்காரலாம் என்றிருக்கிறேன். கேட்ட மூவரில் ஒருவர் தானும் வருவதாகச் சொல்லியிருக்கிறார்.