துலாம்பென்: கப்பல் சுலபம், கல்தான் கஷ்டம்

பாலித் தீவின் வடகிழக்குக் கரையில் இருக்கும் துலாம்பெனுக்கு டைவிங் போகிறவர்களுக்கு முதல் வார்த்தை: வாடகை பூட்ஸைப் போட்டுக் கரையிலேயே பத்தடி நடந்து பாருங்கள். எனக்குக் கொடுத்தது ஒரு சைஸ் பெரிசு. "தண்ணிக்குள்ள போயிட்டா தெரியாது" என்றார்கள். தண்ணிக்குள் போய்ச் சேர வேண்டுமே! மணலுக்குப் பதில் ஆகுங் எரிமலையின் கருங்கற்கள். தேங்காய் தேங்காயாக, அலை இழுக்கும்போதெல்லாம் கடகடவென்று உருள்கின்றன. நான் வழிகாட்டியின் தோளைப் பிடித்துத் தள்ளாடிக்கொண்டிருந்தேன். ஊர்க்கார அம்மா ஒருவர் தலையில் சும்மாடு, அதன்மேல் டைவிங் காற்று சிலிண்டர், காலில் ரப்பர் செருப்பு என்று என்னைத் தாண்டிப் போனார்.

இடுப்பளவு தண்ணீரில் ஃபின்னை (காலில் மாட்டும் நீச்சல் துடுப்பு) மாட்டியதும் கஷ்டம் தீர்ந்தது. படகே வேண்டாம், கொஞ்ச தூரம் நீந்தினால் மூழ்கிய கப்பல்.

பெயர் லிபர்ட்டி. இரண்டாம் உலகப் போரில் வரிசையாகக் கட்டித் தள்ளிய 'லிபர்ட்டி ரக' கப்பல் என்று பலர் நினைக்கிறார்கள். இல்லை, இது 1918-ல் கட்டிய அமெரிக்கச் சரக்குக் கப்பல். 1942 ஜனவரியில் லோம்போக் நீரிணை அருகே ஜப்பானிய நீர்மூழ்கியின் டார்பிடோ தாக்க, இழுத்து வந்து இந்தக் கரையில் ஏற்றிவிட்டார்கள். 1963-ல் ஆகுங் வெடித்தபோதுதான் கடலுக்குள் சரிந்தது. சுமார் 120 மீட்டர் நீளம். மேல்பக்கம் ஐந்து மீட்டர் ஆழத்திலேயே ஆரம்பம், அடிப்பக்கம் முப்பதைத் தொடும். அடிப்படை லைசென்ஸ்காரர்களும் பாதிக்கு மேல் பார்க்கலாம்.

காலை ஆறரைக்கே இறங்கினோம். நெற்றி புடைத்த பெரிய கிளிமீன்கள் ராத்திரி இங்கேதான் தூங்குமாம். தொழுவத்தில் அவிழ்த்துவிட்ட மாடுகள் மாதிரி ஒன்றன்பின் ஒன்றாக வெளியே வந்தன. ஒன்று எனக்கு இரண்டு கை தூரத்தில் பவளத்தைக் கடித்தது. 'நறுக்' சத்தம் தண்ணீருக்குள்ளும் கேட்டது. கொஞ்ச நேரத்தில் பின்னாலிருந்து வெள்ளையாகத் தூள் கொட்டியது. தின்ற பவளம்தான், மணலாக! சரிவில் தோட்ட விலாங்குகள் நாற்று நட்டதுபோல் ஆடிக்கொண்டிருந்தன. கிட்டே போனதும் எல்லாம் குழிக்குள்.

தண்ணீருக்குள் ஐம்பத்தெட்டு நிமிடம். எங்கள் வழிகாட்டி பொறுமைசாலி, காற்று அளவை அடிக்கடி கேட்டார். அவருக்கு முழு மார்க், பூட்ஸுக்கு முட்டை.

பத்து மணிக்கு இரண்டாவது டைவ் வேண்டாம். தெற்கிலிருந்து வேன் வேனாக வந்துவிடுகிறார்கள். எங்கள் வழிகாட்டி என்று நினைத்து ஒரு மஞ்சள் ஃபின்னைப் பார்த்து ஐந்து நிமிடம் பின்னாலேயே போனேன். அவர் திரும்பியபோதுதான் தெரிந்தது, வேறு யாரோ.