கரண்ட் போனாலும் ரப் போகாது

எங்கள் வீட்டுக்கு முதல் கணினி வந்தது 2010 இல். ஏ9 பாதை திறந்து கொழும்புச் சாமான்கள் யாழ்ப்பாணத்துக்குத் தாராளமாக வரத் தொடங்கிய நேரம். ஒன்றுவிட்ட அண்ணை பாவித்துக் கழித்த மேசைக்கணினி, விண்டோஸ் எக்ஸ்பி. கூடவே பென்டிரைவில் பயர்பொக்ஸ் 3.6 என்ற உலாவியையும் போட்டுத் தந்து, "அந்த நீல 'ஈ'யைத் தொடாதை" என்றார். இன்டர்நெட் எக்ஸ்புளோரரைத்தான் சொன்னார். 15 வருடம் போய்விட்டது, இன்னும் பயர்பொக்ஸ் நரியோடுதான் இருக்கிறேன்.

எக்ஸ்பியில் தமிழ் ஒழுங்காகத் தெரிவதே பெரிய பாடு. அதற்கான கோப்புகளைச் சீடியிலிருந்து தனியாக நிறுவாவிட்டால் கொம்பு ஒரு பக்கம், எழுத்து ஒரு பக்கம் நிற்கும். பாமினி என்ற பழைய எழுத்துருவில் இருந்த தளங்கள் வேறு. எழுத்துரு இல்லாவிட்டால் பக்கம் முழுக்க ஆங்கில எழுத்தும் அரைப்புள்ளியும்தான். அந்தக் காலத்தில் பத்மா என்றொரு நீட்சி (உலாவியோடு சேர்க்கும் துணை நிரல்) இருந்தது. பழைய எழுத்துருத் தளங்கள் பலவற்றை எல்லாக் கணினிக்கும் பொதுவான யூனிகோடாக்கிக் காட்டும். இப்போது அது யாருக்கும் தேவைப்படாது. ஆனாலும் யாழ்ப்பாணத்துத் திருநெல்வேலிச் சந்தியில் நோட்டீஸ் அடிக்கப் போனால், "பாமினியில தாங்கோ" என்று இன்றைக்கும் கேட்கிறார்கள்.

நான் பயர்பொக்ஸை விடாததற்கு முதல் காரணம் கரண்ட். யூபிஎஸ் இல்லாத மேசைக்கணினி, சொல்லாமல் போகும் மின்சாரம். திரும்ப வந்ததும் திறந்திருந்த ரப்கள் (tabs, உலாவியில் திறந்து வைத்த பக்கங்கள்) எல்லாம் அப்படியே எழும்பி வரும். பாதி நிரப்பிய படிவம்கூடச் சில வேளை கிடைத்துவிடும். பெரிய மந்திரம் ஒன்றும் இல்லை. ஏறக்குறைய 15 விநாடிக்கு ஒருமுறை, திறந்திருப்பவற்றின் பட்டியலை வட்டில் எழுதி வைக்கிறது, அவ்வளவுதான். மற்ற உலாவிகளிலும் இந்த வசதி உண்டு என்பது தெரியும். எனக்கு இதில்தான் நம்பிக்கை விழுந்தது. 2022 இல் ஒரு நாளைக்கு 13 மணித்தியாலம் வரை மின்வெட்டு என்று அறிவித்தார்களே, அப்போது இதை நன்றாகச் சோதித்துப் பார்த்தாயிற்று. கெட்ட பழக்கமும் இதனால்தான் வந்தது. பிறகு வாசிக்கலாம் என்று விட்ட ரப்கள் வருடக்கணக்காகச் சாகாமல் கிடக்கின்றன.

கோபம் வந்தது 2017 நவம்பரில். பயர்பொக்ஸின் 57 ஆம் பதிப்பு, குவாண்டம் என்ற பெயரில். வேகம் உண்மையிலேயே கூடியது, ஆனால் என் பழைய நீட்சிகள் ஒரே நாளில் செத்தன. டவுன்தெம்ஆல் என்ற பதிவிறக்க நீட்சி போனதைத்தான் தாங்க முடியவில்லை. ஒரு கோப்பைத் துண்டு துண்டாக இழுத்துச் சேர்க்கும் அது, எங்கள் அப்போதைய இணைப்புக்கு உயிர் மாதிரி. பிறகு புதிதாக எழுதப்பட்டுத் திரும்பி வந்தது, அந்த வித்தை மட்டும் இல்லாமல். ஒரு மாதம் குரோமுக்குப் போயிருந்தேன். என் 4 ஜிபி ராமை அது தின்ற விதத்தைப் பார்த்துத் திரும்பி வந்துவிட்டேன். சரி, பயர்பொக்ஸும் நிறைய ரப் திறந்தால் ஒன்றும் குறைவாகத் தின்னாது, அதையும் சொல்லத்தான் வேண்டும்.

இப்போது இதன் அருமை போனில்தான். ஆண்ட்ராய்டு குரோமில் நீட்சிகள் போட முடியாது, இதில் முடியும். யூபிளொக் ஒரிஜின் என்ற விளம்பரத் தடுப்பு நீட்சியைப் போட்டால் விளம்பரங்கள் இறங்குவதே இல்லை. டேட்டாவை ஜிபி கணக்கில் எண்ணி வாங்கும் எனக்கு அது காசு. கணினிக் குரோமிலும் மேனிபெஸ்ட் வி3 என்ற, நீட்சிகளுக்கான புது விதியால் அந்த நீட்சி படுத்துவிட்டது. இங்கே இன்னும் ஓடுகிறது.

பயர்பொக்ஸை ஆக்கும் மொசில்லாவைப் பற்றிய என் மதிப்பு மட்டும் முந்திய மாதிரி இல்லை. வருமானத்தின் பெரும்பகுதி கூகிளைத் தேடுபொறியாக வைத்திருப்பதற்கு வரும் காசு. போட்டியாளனின் சம்பளத்தில் நடக்கும் போட்டி! 2025 பெப்ரவரியில், உங்கள் தரவை ஒருபோதும் விற்கமாட்டோம் என்ற பழைய வாக்கைத் தளத்திலிருந்து எடுத்தார்கள். சட்ட விளக்கம் ஏதோ சொன்னார்கள், எனக்கு ஒட்டவில்லை. அதே வருடம் ஜூலையில் பொக்கெட் என்ற தங்கள் சேவையையும் மூடினார்கள். இணைப்பு இருக்கும்போது கட்டுரைகளைச் சேமித்து, பஸ்ஸில் வாசித்துக்கொண்டு போக நான் வைத்திருந்தது.

என் வங்கியின் தளம் இதில் பாதியில் நிற்கும். அதற்கென்றே குரோமும் ஒரு மூலையில் கிடக்கிறது. "மாமா, உதை இப்ப ஆர் பாவிக்கினம்?" என்று மருமகன் சிரிப்பான். போன கிழமை என் போனில் விளம்பரம் இல்லாமல் யூடியூப் ஓடுவதைப் பார்த்துவிட்டு, தன்னுடையதை நீட்டினான்.