எப்பிங், ஹேட்ஃபீல்ட், விஸ்ட்மன்ஸ் வுட்: பழங்காடு பார்க்க எங்கே போகலாம்?

இங்கிலாந்தில் பழங்காடு பார்க்கப் போகிறேன் என்று கிளம்புகிறவர்களில் பாதிப்பேர் மனிதன் கால் படாத காடு ஒன்றை மனதில் வைத்துக்கொண்டு போகிறார்கள். ஏமாற்றமும் அங்கேதான் தொடங்குகிறது. 1600ஆம் ஆண்டு முதல் இன்றுவரை விடாமல் காடாகவே இருந்துவரும் நிலத்துக்குத்தான் அந்த நாட்டில் பழங்காடு என்று பெயர். அதற்கு முன்பு புதிதாக மரம் நட்டுக் காடு வளர்க்கும் வழக்கம் பெரிதாக இல்லை. ஆகவே 1600இல் காடாக இருந்த இடம் அதற்குப் பல நூறு ஆண்டுகள் முன்பும் காடாகவே இருந்திருக்கும் என்பது கணக்கு. பிரிட்டனின் நிலப்பரப்பில் இப்படிப்பட்டது சுமார் 2.5 சதவீதம்தான் மிச்சம். அதிலும் பெரும்பகுதி விறகுக்கும் வேலிக்கழிக்கும் காலங்காலமாக வெட்டப்பட்டு வந்த காடு. வெட்ட வெட்டத் துளிர்த்துத்தான் இந்த மரங்களில் பல இவ்வளவு வயதைத் தொட்டிருக்கின்றன.

அதனால் மரத்தின் வயதைக் கேட்டு இடத்தைத் தேர்ந்தெடுப்பதில் எனக்கு நம்பிக்கை இல்லை. அந்தக் காட்டில் கோடாலி இன்னும் வேலை செய்கிறதா, எப்போதோ நின்றுவிட்டதா என்று கேட்டால் மூன்று இடங்களும் தெளிவாகப் பிரிந்துவிடும்.

முதலில் எப்பிங். கிழக்கு லண்டனில் ஈஸ்ட் ஹாம், மேனர் பார்க் பக்கம் குடியிருக்கும் நம் ஆட்களுக்கு இது கூப்பிடு தூரம். பிள்ளைகளைப் பந்து விளையாட அழைத்துப்போகும் வான்ஸ்டெட் ஃப்ளாட்ஸ் வெட்டவெளியே இந்தக் காட்டின் தென்முனைதான் என்பது பலருக்குத் தெரியாது. அங்கிருந்து எப்பிங் ஊருக்கு வடக்கே வரை சுமார் 12 மைல் நீளம், 2,400 ஹெக்டேர். உண்மையான காட்டைப் பார்க்க சென்ட்ரல் லைன் ரயிலில் லௌட்டன் வரை போக வேண்டும். ஸ்ட்ராட்ஃபோர்டிலிருந்து அரை மணிக்குள் வந்துவிடும். ஸ்டேஷனிலிருந்து நடந்தே காட்டுக்குள் போய்விடலாம், நுழைவுக் கட்டணமும் கிடையாது.

லௌட்டன் ஊர் ஜனங்களுக்கு இந்தக் காட்டில் குளிர்காலத்தில் கிளை வெட்டிக்கொள்ளும் உரிமை இருந்தது. நவம்பர் 11 நள்ளிரவில் போய் முதல் வெட்டு வெட்டுவார்கள். ஆடு மாடு துளிரைக் கடித்துவிடாதபடி ஆளுயரத்துக்கு மேலே வெட்டுவார்கள். இதற்கு பொல்லார்ட் என்று பெயர். 19ஆம் நூற்றாண்டின் நடுவில் நிலக்காரர்கள் காட்டை வளைத்து வேலி போட ஆரம்பித்தபோது, வில்லிங்கேல் என்ற கூலித்தொழிலாளியின் குடும்பம் விடாமல் போய் வெட்டியது. 1866இல் அந்தக் குடும்பத்து ஆட்கள் சிறைக்குப் போனார்கள். வழக்கு வளர்ந்து, லண்டன் மாநகர நிர்வாகமும் களத்தில் இறங்கி, கடைசியில் 1878இல் எப்பிங் காட்டுச் சட்டம் வந்தது. காடு பொதுமக்களுக்கு என்று ஆனது. 1882இல் விக்டோரியா அரசியே காட்டுக்குள் இருக்கும் ஹை பீச் என்ற இடத்துக்கு வந்து அதை அறிவித்தார். ஆனால் எந்த உரிமைக்காக அந்தக் குடும்பம் சிறைக்குப் போனதோ, அதே வெட்டும் உரிமை இந்தச் சட்டத்தோடு முடிந்துபோனது. பதிலுக்குக் கொடுத்த பணத்தில் ஊருக்கு ஒரு மண்டபம் கட்டினார்கள். லாப்பிங் ஹால் என்ற அந்தக் கட்டடம் இன்றும் லௌட்டனில் நிற்கிறது.

வெட்டு நின்றதன் விளைவை மரத்திலேயே பார்க்கலாம். ஒரு பீச் மரத்தின் பக்கத்தில் போய் நில்லுங்கள். தலை உயரம் வரை குட்டையாய், பருத்த, முண்டும் முடிச்சுமான அடிமரம். அதற்கு மேலே பத்துப் பன்னிரண்டு கிளைகள் நேராக வானத்தைப் பார்த்து, ஒவ்வொன்றும் தனி மரத்தின் பருமனுக்கு. பாரம் தாங்காமல் பிளந்துபோனவையும் உண்டு. வழவழப்பான சாம்பல் பட்டையில் யாரோ எப்போதோ செதுக்கிய பெயர்கள் மரம் பருக்கப் பருக்க அகன்று, எழுத்துக் கலைந்து கிடக்கும். கீழே வெயில் படாது. சருகும் ஹாலி புதரும்தான், பூ அபூர்வம். பார்க்கப் பிரமிப்பாக இருக்கும், சந்தேகமில்லை. ஆனால் நாம் பார்ப்பது பாதியில் கைவிட்ட ஒரு வேலையை. இப்போது சில மரங்களைப் பார்த்துப் பார்த்து மீண்டும் வெட்டுகிறார்கள். மாடுகளையும் மேயவிடுகிறார்கள். வேலி கிடையாது, கழுத்தில் ஜிபிஎஸ் பட்டைதான். ஞாயிற்றுக்கிழமை ஹை பீச் டீக்கடைப் பக்கம் போனால் பறவைச் சத்தத்தைவிட மோட்டார் பைக் சத்தம்தான் அதிகம் கேட்கும்.

இரண்டாவது ஹேட்ஃபீல்ட் காடு. எசெக்ஸில், ஸ்டான்ஸ்டெட் விமான நிலையத்தின் காலடியில் இருக்கிறது. நார்மன் அரசர்கள் மான் வேட்டைக்கு ஒதுக்கிய காடு, 400 ஹெக்டேருக்குச் சற்று அதிகம். எப்பிங் போராட்டத்தில் முன்நின்றவர்களில் ஒருவரான எட்வர்ட் நார்த் பக்ஸ்டன், 1924இல் மரணப்படுக்கையில் இருந்தபடி இதை வாங்க ஏற்பாடு செய்து பழைய இடங்களைப் பாதுகாக்கும் நேஷனல் டிரஸ்ட் அறக்கட்டளைக்குப் போய்ச்சேரச் செய்தார்.

இந்தக் காட்டில் வெட்டு இன்னும் நடக்கிறது. பொல்லார்டும் உண்டு, காப்பிஸும் உண்டு. காப்பிஸ் என்பது தரையை ஒட்டி வெட்டி, அடிக்கட்டையிலிருந்து மறுபடி துளிர்க்க விடுவது. நம் ஊரில் கரும்பை வெட்டிவிட்டு மறுதாம்பு விடுகிறோமே, அதே வேலைதான், ஆனால் ஒரு சுற்றுக்குப் பத்து, இருபது ஆண்டு ஆகும். ஒரு பாத்தியை இந்தக் குளிர்காலம், அடுத்ததை வேறொரு குளிர்காலம் என்று முறைவைத்து வெட்டுவதால் ஒரே நடையில் எல்லா வயதுக் காட்டையும் பார்த்துவிடலாம். போன குளிர்காலத்தில் வெட்டிய இடத்தில் பாசி படர்ந்த பழைய அடிக்கட்டையும், அதன்மேல் வெளிறிய புது வெட்டுவாயும், மான் வாய் வைக்காதபடி சுற்றிப் போட்ட அடைப்பும் இருக்கும். வெட்டிய மறு வசந்தத்திலேயே, வெளிச்சம் பட்ட தரையில் ஆண்டுக்கணக்கில் அடங்கிக்கிடந்த பூச்செடிகள் எழும்பிவிடும். எப்பிங்கின் பீச் நிழலில் நீங்கள் தேடியும் கிடைக்காதது இதுதான்.

நடுநடுவே மரமும் புல்லும் கலந்த மேய்ச்சல் வெளி, வயிறு பொந்தாகிப்போன ஹார்ன்பீம் மரங்கள், ஓர் ஏரி, ஏரிக்கரையில் சிப்பி பதித்து அலங்கரித்த 18ஆம் நூற்றாண்டுச் சிறு வீடு, பக்கத்திலேயே காபிக் கடை. பிள்ளைகளோடு போக மூன்றிலும் இதுவே வசதி. குறை இல்லாமல் இல்லை. தலைக்கு மேல் விமானம் போய்க்கொண்டே இருக்கும். களிமண் தரை, குளிர்காலத்தில் சேறு கணுக்காலைப் பிடித்துக்கொள்ளும். கார் நிறுத்தக் கட்டணம் உண்டு. கார் இல்லாதவர்கள் லிவர்பூல் ஸ்ட்ரீட்டில் ரயில் ஏறி பிஷப்ஸ் ஸ்டார்ட்ஃபோர்டில் இறங்கி, டேக்லிக்கு பஸ் பிடித்து அங்கிருந்து நடக்க வேண்டும். எப்பிங்கைப் போல நினைத்தவுடன் போய்விட முடியாது.

மூன்றாவது விஸ்ட்மன்ஸ் வுட். டெவனில், டார்ட்மூர் மேட்டுநிலத்தில், கடல்மட்டத்துக்கு ஏறக்குறைய 400 மீட்டர் உயரத்தில் இருக்கும் சின்னஞ்சிறு ஓக் காடு, நான்கு ஹெக்டேர்கூட வராது. கருங்கல் பாறைகளின் இடுக்கில் முளைத்ததால் ஆட்டு வாய்க்குத் தப்பிய, முறுக்கிக்கொண்ட குட்டை மரங்கள். பாறையெல்லாம் பாசி, கிளையெல்லாம் பெரணி. இன்ஸ்டாகிராமில் இங்கிலாந்தின் பழங்காடு என்று தேடினால் முன்னால் வந்து நிற்பது இந்தப் படங்கள்தான். மனிதன் தொடாத காடு என்ற கற்பனைக்கு மிக நெருக்கமாக வருவதும் இதுதான்.

வினை அதில்தான் இருக்கிறது. படம் பார்த்து வந்த கூட்டம் பாசியை மிதித்து நாசம் செய்ததால், உள்ளே போகாமல் ஓரமாக நின்று பார்த்துவிட்டுப் போங்கள் என்று இப்போது கேட்டுக்கொள்கிறார்கள். நியாயமான வேண்டுகோள், மதிக்க வேண்டும். அப்படியானால் லண்டனிலிருந்து எக்ஸெட்டர் வரை ரயிலில் இரண்டு மணி நேரத்துக்கு மேல், அப்புறம் கார், அப்புறம் டூ பிரிட்ஜஸிலிருந்து இரண்டு கிலோமீட்டர் போல நடை, எல்லாம் முடித்து வேலிக்கு வெளியே நிற்பவர் மாதிரி நின்றுவிட்டுத் திரும்ப வேண்டும். டார்ட்மூருக்கு வேறு காரணத்துக்காகப் போகிறவர் ஒரு காலைப்பொழுதை இதற்குக் கொடுக்கலாம். இதற்கென்றே மெனக்கெட்டுப் போவது வீண் என்பேன்.

ஒரே ஒரு காடுதான் பார்க்க முடியும் என்றால் நான் கைகாட்டுவது ஹேட்ஃபீல்ட். கையில் அரைநாள்தான், கார் இல்லை என்றால் யோசிக்காமல் எப்பிங். வெட்டு நடக்கும் காட்டிலேயே மனம் ஒட்டிவிட்டால் அடுத்து சஃபோக்கில் உள்ள பிராட்ஃபீல்ட் வுட்ஸ். அங்கே 1252 முதல் காப்பிஸ் வேலை நடந்துவருகிறது.

நீலமணிப் பூக்கள் (ப்ளூபெல்) தரையை மூடிக்கிடக்கும் காட்சிதான் வேண்டும் என்பவர்களுக்கு இந்த மூன்றுமே சரியான விடை இல்லை. ஏப்ரல் கடைசியிலிருந்து மே நடுப்பகுதிக்குள் லண்டனுக்கு வடமேற்கே ஆஷ்ரிட்ஜில் உள்ள டாக்கி வுட் போகலாம், அல்லது வான்ஸ்டெட் பார்க்கின் ஷாலே வுட். பாதையை விட்டு இறங்கி செல்ஃபி எடுக்க வேண்டாம். மிதிபட்ட செடி தேறிவர ஆண்டுக்கணக்கில் ஆகும். நிலத்துக்காரர் அனுமதியின்றிக் கிழங்கைத் தோண்டுவது 1981ஆம் ஆண்டு வனவுயிர்ப் பாதுகாப்புச் சட்டப்படி குற்றம்.

எங்கே போனாலும் முழுக்கால் பேன்ட் போட்டு, காலுறைக்குள் செருகிக்கொள்ளுங்கள். மான் இருக்கும் காட்டில் உண்ணியும் இருக்கும், அது லைம் நோயைக் கொண்டுவரும். வீடு திரும்பியதும் பிள்ளைகளின் முழங்கால் மடிப்பு, அக்குள், காதுக்குப் பின்புறம் மூன்றையும் பார்த்துவிடுங்கள்.