ஒட்டாவா போர் அருங்காட்சியகம்: ஒரு பதக்கத்துக்காகவே போகலாம்

போன கிழமை அப்பாவைக் கூட்டிக்கொண்டு ஸ்கார்பரோவிலிருந்து ஒட்டாவாவின் கனடியப் போர் அருங்காட்சியகத்துக்குப் போனேன். டாங்கிகளும் பீரங்கிகளும் பிள்ளைகளுக்கு நல்லாகப் பிடிக்கும். நான் போனது முதல் உலகப் போரில் கனடாவுக்காகப் போரிட்ட பிலிப் கொனோவாலின் பதக்கத்துக்காக.

மனைவியையும் மகளையும் உக்ரைனில் விட்டுவிட்டு 1913இல் கனடா வந்தவர். 1917 ஆகஸ்டில், பிரான்ஸின் லான்ஸ் நகருக்கருகே 70ஆம் குன்றுச் சண்டையில், ஒரு குண்டுக்குழிக்குள் இருந்த ஏழு எதிரிகளோடு தனியாளாக மோதினார். இயந்திரத் துப்பாக்கி ஒன்றைக் கைப்பற்றித் தூக்கியே வந்தார். மறுநாள் இன்னொன்றைத் தகர்த்தார். படுகாயப்படும் வரை ஓயவில்லை. போர் வீரத்துக்கான பிரித்தானியாவின் மிக உயர்ந்த பதக்கமான விக்டோரியா சிலுவையை அரசர் ஐந்தாம் ஜார்ஜே அவரிடம் கையளித்தார்.

பதக்கம் சின்னது. மங்கிய வெண்கலம், கிரீடத்தின் மேல் நிற்கும் சிங்கம், கருஞ்சிவப்பு நாடா. 1970களில் காணாமல் போய் 2004இல்தான் திரும்பக் கிடைத்ததாம். நெடுநேரம் குனிந்து பார்த்தேன்.

இவ்வளவு பெரிய வீரர் பிற்காலத்தில் நாடாளுமன்றக் கட்டடத்தில் துப்புரவு வேலை செய்தவர் என்று அப்பாவிடம் சொன்னேன். அப்பா இந்த நாட்டுக்கு வந்த புதிதில் பத்து வருசம் இரவிரவாக அலுவலகங்களில் தரை துடைத்தவர். ஒன்றும் பேசவில்லை. தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு நின்றார். எனக்குக் கண் கலங்கிவிட்டது.

அரை நாளாவது ஒதுக்குங்கள். வயதானவர்களோடு போனால் அவசரப்படுத்தாதீர்கள்.