என்.டி-கெயின் நாட்டுக் குறியீடு: தரவரிசையைத் தாண்டிப் போனால் பயன் உண்டு

அமெரிக்காவின் நோட்டர் டேம் பல்கலைக்கழகம் இலவசமாகத் தரும் இணையக் கருவி இது. பருவநிலை மாற்றத்தால் ஒரு நாடு எவ்வளவு பாதிக்கப்படக்கூடும், அதைச் சமாளிக்க எவ்வளவு தயாராக இருக்கிறது என்பதை 45 அளவீடுகளால் கணிக்கிறது. அவற்றில் 36 பாதிப்புக்கு, 9 தயார்நிலைக்கு. தரவு 1995 முதல் கிடைக்கும்.

முதலில் கண்ணில் படுவது தரவரிசை. அதுதான் இதில் ஆகச் சோப்ளாங்கியான பகுதியும். தயார்நிலையிலிருந்து பாதிப்பைக் கழித்து, 1 கூட்டி, 50ஆல் பெருக்கினால் மதிப்பெண். பாதிப்பு 0.5, தயார்நிலை 0.3 என்றால் 40. பாதிப்பு 0.6, தயார்நிலை 0.4 என்றாலும் அதே 40தான். தயார்நிலை குறைந்த முதல் நாடு நிர்வாகத்தைச் சீர்செய்ய வேண்டும். பாதிப்பு கூடிய, ஆனால் தயார்நிலையும் கூடிய இரண்டாவது நாடு பணத்தை நேரடியாகக் களப்பணியில் இறக்கலாம். ஒற்றை எண்ணைப் பார்த்தால் இந்த வித்தியாசம் தெரியாது.

துறைப் பக்கங்களில்தான் சரக்கு இருக்கிறது. உணவு, நீர், உடல்நலம், சூழல் மண்டலம், வாழ்விடம், உள்கட்டமைப்பு என ஆறு துறைகள். ஒவ்வொன்றிலும் ஆபத்துக்கு ஆட்படும் அளவு, எளிதில் பாதிப்படையும் தன்மை, தகவமைப்புத் திறன் (அந்தத் துறை பாதிப்பைச் சமாளிக்கும் வசதி) ஆகியவற்றுக்குத் தலா இரண்டு அளவீடுகள். திட்டம் வகுப்பவர் தகவமைப்புத் திறனிலிருந்து தொடங்குவது நல்லது. ஆட்படும் அளவு நூற்றாண்டின் நடுப்பகுதிக்கான மாதிரிக் கணிப்பு. ஆண்டுதோறும் மாறாது, எந்த அரசாணையும் அதை அசைக்காது.

தகவமைப்புத் திறனை அளக்கும் விதத்தில்தான் சிக்கல். நீர்த்துறையில் அணைக் கொள்ளளவும் குடிநீர் வசதியும் கணக்கில் வருகின்றன. ஏரியைத் தூர்வாரினால் மதிப்பெண் ஏறாது. உணவுத்துறையிலோ உரம், பூச்சிக்கொல்லி, பாசனம், டிராக்டர் ஆகியவற்றின் பயன்பாடு வேளாண் திறனாகவே எண்ணப்படுகிறது. மண்ணைக் கெடுத்தும் மதிப்பெண் வாங்கலாம்! பொருளாதாரத் தயார்நிலை ஒரு நாட்டில் தொழில் நடத்துவது எவ்வளவு எளிது என்று மதிப்பிட்ட உலக வங்கியின் தொழில் எளிமை அறிக்கையை நம்பிக் கட்டப்பட்டது. தரவுக் குளறுபடிகளால் 2021இல் வங்கியே அதை நிறுத்திவிட்டது. புயலுக்குத் தனி அளவீடு கிடையாது.

கோப்பைத் தரவிறக்கும்போது ஒரே வெளியீட்டை மட்டும் பயன்படுத்துங்கள். புதிய வெளியீட்டில் பழைய ஆண்டுகளின் எண்களும் திருத்தப்படலாம்; இரண்டைக் கலந்தால் இல்லாத முன்னேற்றம் தெரியும். ஏழை நாடுகளை ஒப்பிட, வருமானத்துக்கு ஏற்பச் சரிசெய்த மதிப்பெண்ணே நியாயமானது. எல்லாம் தேசிய சராசரி என்பதால் கடலோரத்துக்கும் உள்நாட்டுக்கும் நிதி பிரிக்க இது உதவாது. அதற்கு மாவட்ட வாரியான வெள்ள, வறட்சி வரைபடம்தான் வேண்டும்.