எக்கனொமிக்ஸா, ஐ.ஆரா, ரெண்டும் சேர்த்தா? மாஸ்டர்ஸ் யோசிக்கிற திருகோணமலைப் பிள்ளையளுக்கு

டிகிரி முடிச்சிட்டு அடுத்து என்ன எண்டு நிக்கிற நம்ம ஊர்ப் பிள்ளையள் கன பேர் இதத்தான் கேக்கிறாங்க. எக்கனொமிக்ஸ்ல மாஸ்டர்ஸ் செய்யிறதா, சர்வதேச உறவு, அதான் ஐ.ஆர் செய்யிறதா, இல்லாட்டி ரெண்டையும் ஒண்டாப் படிப்பிக்கிற இடமாப் பாத்து அப்ளை பண்ணுறதா. என்ட பதில முதலே சொல்லிடுறன்: ரெண்டும் சேர்த்துப் படிக்கிறதுதான் நல்லம், ஆனா அதுக்குள்ள எக்கனொமிக்ஸ் கனமா இருக்கோணும். பேருக்கு ரெண்டு பாடம் வச்சிருக்கிற கோர்ஸ் எண்டா வேணாம்.

ஏன் சேர்த்து எண்டுறதுக்கு தூர ஊர் உதாரணம் தேவையில்ல, சீனக்குடா எண்ணெய்த் தாங்கியள எடுங்க. மொத்தம் 99 தாங்கி, வெள்ளைக்காரன் காலத்துல கட்டினது. 2022 ஜனவரி ஒப்பந்தத்துல 14 தாங்கி இந்தியன் ஓயில் கம்பனியின்ட லங்கா ஐ.ஓ.சிக்கு, 24 பெற்றோலியக் கூட்டுத்தாபனத்துக்கு, மிச்சம் 61 ரெண்டு பேரும் சேர்ந்து துவங்கின கம்பனிக்கு, அதுல நம்மட பக்கம் 51 வீதம் மற்றப் பக்கம் 49. எக்கனொமிக்ஸ் மட்டும் படிச்ச ஆள் இதப் பாத்தா திருத்துறதுக்கு எவ்வளவு முடியும், போட்ட காசு எத்தின வருசத்துல திரும்பும், குத்தகைக் காசு காணுமா எண்டு நல்லாக் கணக்குப் பாப்பார், ஆனா 1987 இந்திய-இலங்கை ஒப்பந்தத்தோட மாத்திக்கொண்ட கடிதத்துலயே இந்தத் தாங்கியள் ஏன் வந்துது, ஒரு துறைமுகத்துல யார் வந்து நிக்கிறாங்க எண்டுறது டில்லிக்கு ஏன் இவ்வளவு முக்கியம் எண்டுற பக்கம் அவருக்கு இருட்டு. ஐ.ஆர் மட்டும் படிச்சவர் அதப் பத்தி மணிக்கணக்காக் கதைப்பார், அந்த 51க்கும் 49க்கும் இடையில லாபம் எப்பிடிப் பிரியும் எண்டு கேட்டா நிண்டுடுவார்.

கடன் விசயமும் இதேதான். 2022 ஏப்ரல்ல நாடு வெளிநாட்டுக் கடன் கட்டுறத நிப்பாட்டிச்சு, 2023 மார்ச்ல ஐ.எம்.எஃப் கிட்டத்தட்ட 300 கோடி டொலர் திட்டத்துக்கு ஓம் சொல்லிச்சு, பிறகு ஜப்பான், இந்தியா, பிரான்ஸ் மூண்டும் தலைமை தாங்கின குழுவோட ஒரு பேச்சுவார்த்தை, சீன எக்சிம் பேங்கோட தனியா இன்னொண்டு, பொண்ட் வச்சிருந்த ஆக்களோட வேறொண்டு. கடன எவ்வளவு குறைச்சா நாடு தாங்கும் எண்டுறது எக்கனொமிக்ஸ் கணக்கு, சீனா ஏன் அந்தக் குழுவுக்குள்ள வராம வெளிய நிண்டுது எண்டுறது ஐ.ஆர். மேசையில ரெண்டும் ஒண்டாத்தான் வரும், அங்க போய் இருக்க நம்மட பிள்ளையளும் வேணும், இத நான் மனசார விரும்புறன்.

சரி, ஒவ்வொண்டாப் பாப்பம்.

எக்கனொமிக்ஸ் மட்டும் எண்டா வழி தெளிவு. மத்திய வங்கி, ரிசேர்ச், பிறகு பிஎச்டி எண்டு போறவங்களுக்கு இதுக்கு மேல ஒண்டும் இல்ல. கொழும்பு யுனிவர்சிட்டியிலயே எக்கனொமிக்ஸ் மாஸ்டர்ஸ் இருக்கு, வேலையையும் விடாமப் படிக்கலாம், ஆனா வகுப்பு சனி ஞாயிறு எண்டா திருகோணமலையில இருக்கிற ஆளுக்கு வெள்ளி ராத்திரி பஸ் ஏறி ஞாயிறு ராத்திரி திரும்புற வாழ்க்கை, சம்பளத்துல பாதி அதுலயே போயிடும். ஏலுமெண்டா கொழும்புப் பக்கம் வேலை எடுத்துட்டுச் செய்யிறது புத்தி.

ஐ.ஆர் மட்டும் எண்டா கொழும்பு பி.எம்.ஐ.சி.எச் மண்டபத்துல இருக்கிற பண்டாரநாயக்க சர்வதேசக் கற்கை நிலையம், இல்லாட்டி கொழும்பு யுனிவர்சிட்டி. வெளிநாட்டுச் சேவைப் பரீட்சை எழுதப் போற பிள்ளைக்கு இது உதவும். ஆனா அந்தச் சேவைக்கு எடுக்கிறது விரல்விட்டு எண்ணுற அளவு, அது கிடைக்காட்டி கையில என்ன தொழில் இருக்கு எண்டு யோசிச்சா தனி ஐ.ஆர் பயமாத்தான் இருக்கு. நல்லா எழுதுற, மூண்டு மொழியும் கதைக்கிற ஆள் எண்டா வேற கதை.

இப்ப ரெண்டும் சேர்ந்தது. அமெரிக்காவுல ஜோன்ஸ் ஹொப்கின்ஸ் யுனிவர்சிட்டியின்ட சர்வதேசக் கற்கைப் பள்ளி, சைஸ் (SAIS) எண்டுறதுதான் இதுல பேர் போனது, பொருளாதாரத்தத் தொடாம அங்க சர்வதேச உறவு படிக்க ஏலாது, வொஷிங்டன் மட்டும் இல்லாம இத்தாலியில பொலோஞாவுலயும் 1955ல இருந்து கெம்பஸ் வச்சிருக்காங்க. நியூயோர்க்ல ஃபோர்டம் யுனிவர்சிட்டியில சர்வதேச அரசியல் பொருளாதாரமும் அபிவிருத்தியும் எண்டு ஒரு மாஸ்டர்ஸ் இருக்கு, ரெண்டு டிப்பார்ட்மென்ட்டும் சேர்ந்து படிப்பிக்கிறது, அதின்ட பாடத்திட்டத்த ஒருக்கா வாசிச்சுப் பாருங்க. ஆனா சைஸ் மாதிரி இடத்துல வருசத்துக்கு 50,000 டொலருக்கு மேல ஃபீஸ் மட்டும், நம்மட காசுல ஒன்றரைக் கோடிக்கு மேல. வீட்டு உறுதிய வச்சுக் கடன் எடுத்துப் போகாதீங்க, இத கையெடுத்துக் கும்பிட்டுச் சொல்லுறன்.

இன்னொரு விசயம், ஏஜென்சி ஆக்கள் இதச் சொல்லமாட்டாங்க. அமெரிக்காவுல படிச்சு முடிச்சா வேலை செய்ய ஒரு வருசம் அனுமதி, கோர்ஸ் ஸ்டெம் (STEM, அதான் விஞ்ஞானம், தொழில்நுட்பம், பொறியியல், கணிதம்) எண்டு பதிஞ்சிருந்தா இன்னும் ரெண்டு வருசம் கூட. கணக்கு கூடின எக்கனொமிக்ஸ் கோர்ஸ் கனக்க ஸ்டெம்ல வரும், வெறும் ஐ.ஆர் பொதுவா வராது, கலந்த கோர்ஸ் எந்தப் பக்கம் பதிஞ்சிருக்கு எண்டு யுனிவர்சிட்டிக்கு மெயில் போட்டுக் கேட்டுட்டுத்தான் காசு கட்டோணும்.

லண்டன்ல ஒரு வருசத்துல முடியும், அதால மொத்தச் செலவு குறையும். ஆனா அங்க பேரப் பாத்து ஏமாறக்கூடாது. லண்டன் ஸ்கூல் ஒஃப் எக்கனொமிக்ஸ், அதான் எல்.எஸ்.ஈல இருக்கிற சர்வதேச அரசியல் பொருளாதாரம் அருமையான கோர்ஸ்தான், அது அரசியல் பக்கத்துல இருந்து காசப் பாக்கிறது, அத முடிச்சிட்டு எக்கனொமிஸ்ட் வேலைக்குப் போய் நிக்க ஏலாது. அதே எல்.எஸ்.ஈயும் பீக்கிங் யுனிவர்சிட்டியும் சேர்ந்து ஒரு வருசம் பீக்கிங்ல ஒரு வருசம் லண்டன்ல எண்டு டபிள் டிகிரி குடுக்கிறாங்க, அதுல ரெண்டுமே சர்வதேச விவகாரம். அதால கோர்ஸ் பேர விட்டுட்டு கட்டாயப் பாடங்கள எண்ணுங்க: மைக்ரோ, மெக்ரோ, சர்வதேச வர்த்தகம், எக்கனோமெட்ரிக்ஸ் (புள்ளிவிவரத்த வச்சுப் பொருளாதாரத்த அளக்கிறது). இந்த நாலுல குறைஞ்சது மூண்டு கட்டாயமா இல்லாட்டி அத ஐ.ஆர் டிகிரி எண்டே வச்சுக்கொள்ளுங்க.

நம்ம ஆக்கள் மறந்துபோற இடம் டில்லி. சார்க் நாடுகள் சேர்ந்து 2010ல துவங்கின தெற்காசியப் பல்கலைக்கழகத்துல எக்கனொமிக்ஸும் இருக்கு ஐ.ஆரும் இருக்கு, தனித்தனி எம்.ஏதான், ஆனா ஒரே கெம்பஸ், அமெரிக்காவோட ஒப்பிட்டா செலவு ஒண்டுமே இல்ல, நேபாளம் பங்களாதேஷ் பிள்ளையளோட ஒரே வகுப்புல இருக்கிறதே ஒரு ஐ.ஆர் பாடம். அங்கயே ஜவஹர்லால் நேரு பல்கலைக்கழகம், அதான் ஜே.என்.யூவுல இன்னும் பொருத்தமா ஒண்டு இருக்கு, சர்வதேசக் கற்கைப் பிரிவுக்குள்ளயே உலகப் பொருளாதாரம் எண்டு எக்கனொமிக்ஸ் எம்.ஏ. ஸ்கொலர்ஷிப் கிடைக்காத பிள்ளைக்கு நான் முதல் சொல்லுறது இந்த ரெண்டும்தான்.

எந்த வழி எண்டாலும் நம்மட பிள்ளையளுக்கு இடிக்கிறது கணக்கு. ஏ.எல் கலைப்பிரிவுல பொருளியல் தமிழ்ல படிச்சு, ஏ வரைக்கும் எடுத்து, வந்தாறுமூலை கிழக்குப் பல்கலைக்கழகத்துலயோ யாழ்ப்பாணத்துலயோ ஸ்பெஷல் டிகிரி செய்த பிள்ளைக்கு விசயம் நல்லா விளங்கும், ஆனா டிஃபரென்ஷியேஷன், மேட்ரிக்ஸ் எண்டு வந்தா கை நடுங்கும். அது மண்டையில்லாததால இல்ல, அந்தப் பாடம் சரியாக் கிடைக்காததால. அப்ளை பண்ண முதல் ஒரு வருசம் இதுக்கெண்டே ஒதுக்குங்க. பக்கத்து வீட்டு மெட்ஸ் சேரிட்ட கொம்பைன்ட் மெட்ஸ்ல கல்குலஸ் மட்டும் கேளுங்க, சின்னப் பிள்ளையளோட இருக்க வெக்கப்பட ஒண்டுமில்ல, ஆர் (R) எண்டுற புள்ளிவிவர சொஃப்ட்வெயர் இலவசம் அதையும் இறக்கிப் பழகுங்க.

பிரித்தானிய அரசாங்கம் குடுக்கிற செவ்னிங் ஸ்கொலர்ஷிப்புக்கு டிகிரிக்குப் பிறகு 2,800 மணித்தியால வேலை அனுபவம் கேக்கிறாங்க, கிட்டத்தட்ட ரெண்டு வருசம், முடிச்சிட்டு ரெண்டு வருசம் நாட்டுல வந்து இருக்கவும் வேணும். அது ஒரு வருச மாஸ்டர்ஸுக்குத்தான், ரெண்டு வருச டபிள் டிகிரிக்குக் காசு வராது. அமெரிக்க ரெண்டு வருசக் கோர்ஸ் எண்டா அமெரிக்க அரசாங்கத்தின்ட ஃபுல்பிரைட் ஸ்கொலர்ஷிப்தான் பாக்கோணும். செவ்னிங் அப்ளிகேஷன் வழமையா ஓகஸ்ட்ல திறந்து ஒக்டோபர்ல மூடும், படிப்பு துவங்கிறது அடுத்த வருச செப்டம்பர்ல. அதால இப்ப வேலையில இருக்கிற ஆக்கள் அனுபவக் கடிதங்கள இண்டைக்கே கேட்டு எடுத்து வைங்க, ஒஃபிஸ் மாறினாப் பிறகு அது லேசுல கிடைக்காது.