அம்பாஸடர் கேம்ஷாஃப்ட்: 107-ஆ, 112-ஆ?

காரைக்குடி, தேவகோட்டைப் பக்கம் பழைய அம்பாஸடரின் 1489 சிசி பெட்ரோல் இன்ஜினைப் பிரித்துத் தேய்ந்த கேம்ஷாஃப்டை (வால்வுகளைத் திறந்து மூடும் தண்டு) அரைக்கக் கொடுக்கும்போது, லோப் இடைக்கோணம் 107 டிகிரியா, 112 டிகிரியா என்று அன்றே முடிவு செய்தாக வேண்டும். லோப் என்பது வால்வைத் தள்ளும் மேடு; கலவையை உள்ளே விடும் இன்லெட் லோபின் உச்சிக்கும் புகையை வெளியே விடும் எக்ஸாஸ்ட் லோபின் உச்சிக்கும் நடுவே உள்ள கோணமே இது. இன்லெட், எக்ஸாஸ்ட் லோப்கள் ஒரே ஷாஃப்டில் இருப்பதால் அரைத்தபின் அது மாறாது. ஆஃப்செட் கீ (ஷாஃப்டைச் சற்று முன்பின் திருப்பிப் பொருத்த உதவும் சாவி) போட்டாலும் இரண்டும் சேர்ந்தேதான் நகரும்.

112 என்றால் ஐட்லிங் நிதானம், இன்லெட் குழாயில் வேக்குவம் (உறிஞ்சல்) நன்றாக நிற்கும். 107 என்றால் நடு வேகத்தில் இழுவை, ஆனால் ஐட்லிங் நடுங்கும். டியூரேஷன் (வால்வு திறந்திருக்கும் அளவு, கிராங்க் டிகிரியில்) இரண்டிலும் சமமாக இருந்தால் இது சரி. ஆனால் டியூரேஷனையும் நாம்தானே தேர்ந்தெடுக்கிறோம்!

கணக்கு எளிது: இன்லெட், எக்ஸாஸ்ட் இரண்டின் சராசரி டியூரேஷனில் இடைக்கோணத்தின் இரு மடங்கைக் கழித்தால் ஓவர்லாப், அதாவது இரு வால்வும் ஒருசேரத் திறந்திருக்கும் அளவு. 252 டிகிரி டியூரேஷன், 112 கோணம்: ஓவர்லாப் 28. டியூரேஷனை 240 ஆகக் குறைத்து 107 வைத்தால் 26. ஓவர்லாப் குறைந்தால் ஐட்லிங் நிதானமாகும்; ஆக இங்கே ஐட்லிங்குக்குக் குறுகிய கோணமே ஒரு படி மேல். இந்த இன்ஜினில் இரண்டிரண்டு சிலிண்டருக்கு ஒரே இன்லெட் போர்ட். ஓவர்லாப்பில் பின்னுக்கு வரும் புகை பக்கத்துச் சிலிண்டரின் கலவையையும் கெடுக்கும். அதனால் ஓவர்லாப்பைக் குறைத்தே வைக்க வேண்டும்.

இழுவையைத் தீர்மானிப்பது இன்லெட் மூடும் இடம். கேமை முன்னே தள்ளாமல் பொருத்தினால் 252/112 கேம், பிஸ்டன் கீழ்முனை தாண்டி 58 டிகிரியில் மூடும், 240/107 கேம் 47-இல். மெதுவாகச் சுற்றும்போது தாமதமாக மூடினால், உள்ளே வந்த கலவை திரும்ப வெளியேறிக் கம்ப்ரஷன் விழும். மாப்பிள்ளை அழைப்பில் ஆள் நிறைய ஏற்றி முதல் கியரில் ஊர்ந்தால் அது காலிலேயே தெரியும். 112-ஐ 5 டிகிரி முன்னே தள்ளினால் இன்லெட் 53-க்கு வரும். ஆனால் எக்ஸாஸ்ட் கீழ்முனைக்கு 63 டிகிரி முன்பே திறந்து, பிஸ்டனைத் தள்ள வேண்டிய அழுத்தம் வீணாகும்.

ஆகவே செட்டிநாட்டு ஓட்டத்துக்கு 240/107 என்பதே எங்கள் தேர்வு. 4000 ஆர்பிஎம்முக்கு மேல் மிதித்தே ஓட்டுபவருக்கு 252 டியூரேஷன் உதவும். எவ்வளவு என்பது ஹெட்டையும் கார்புரேட்டரையும் பொறுத்தது, டைனோவில் (பவர் அளக்கும் கருவி) ஏற்றாமல் எண் சொல்ல மாட்டோம்.

அரைத்து வந்ததும் டிகிரி வீலும் (கோணம் அளக்கும் தட்டு) டயல் கேஜும் (வால்வு ஏற்றத்தை அளக்கும் மானி) வைத்து லோப் உச்சியைச் சரிபாருங்கள். பழைய டேப்பெட்டை (லோபின் மேல் உரசி ஏறி இறங்கும் துண்டு) திரும்பப் போடாதீர்கள், புது லோபைத் தின்றுவிடும். லோப்களில் மாலி பேஸ்ட் (மாலிப்டினம் கலந்த மசகுப் பசை) தடவி, ஸ்டார்ட் ஆனதும் ஐட்லிங்கில் விடாமல் 2000 ஆர்பிஎம்மில் 20 நிமிடம் ஓடவிடுங்கள்.